பெரியண்ணனும் விலை குறைந்த ஊசியும்

எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்கும் வெளியூரார், எந்த மகானுடைய காலடி இங்கே பட்டது என்று வினவுவதுண்டு. மகானும் இல்லை, காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைப் பட்டணத்தின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்னும் ஆங்கிலேயர், திருவொற்றியூருக்கு அருகே நெசவாளரைக் குடியேற்றி அமைத்த காலெட் பேட்டைதான் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. பெயர் ஒன்றும் உண்மை வேறொன்றுமாக இருப்பது எங்களுக்குப் புதிதன்று. 2018ஆம் ஆண்டில் எங்கள் பெரியண்ணனுக்கும் அப்படி ஒரு பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பெயரைச் சூட்டியவர்களுள் நாங்களும் இருந்தோம் என்பதனாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

பெரியண்ணனுக்குப் பின் பிறந்தவர்கள் நாங்கள் மூவர். இரு தம்பியர், ஒரு தங்கை. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் முப்பதாண்டுகள் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் இரண்டு நாளாக மலம் தார் போலக் கறுத்துப் போகிறது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். சோகைக்காக இரும்புச் சத்து மாத்திரை விழுங்கி வந்தவர் ஆதலால், அதன் நிறம்தான் என்று இருவரும் இருந்துவிட்டனர். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அண்ணியின் அலறல் கேட்டு ஓடினோம். குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். கீழே இருந்த பிளாஸ்டிக் வாளியில் பாதிக்கு மேல் இரத்தம்.

அந்த வேளையில் நாங்கள் செய்தவற்றைச் சொல்ல நாணமாக இருக்கிறது. ஒருவர் ஐஸ் தண்ணீர் கொடுத்தோம். ஒருவர், "அல்சர்தான், காரம் சாப்பிட்டிருப்பார்" என்று மூலைக் கடையைத் தட்டி எழுப்பி வயிற்றெரிச்சல் மருந்து வாங்கி வந்தோம். அதையும் அவர் வாந்தி எடுத்தார். இவ்வாறு முக்கால் மணி நேரம் வீணாயிற்று. பிறகுதான் ஆட்டோ கிடைத்து ராயபுரத்தை நோக்கிப் புறப்பட்டோம். வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை அன்றும் நெடுகக் கிடந்தது. அவற்றின் இடுக்கில் ஆட்டோ நெளிந்து நெளிந்து சென்றது. அந்த லாரி வரிசையை ஏன் இங்கே குறிப்பிடுகிறோம் என்பது பின்னால் விளங்கும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஸ்டான்லி மருத்துவமனைக்கு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தை ஒட்டி வளர்ந்த மருத்துவமனை அது. அந்த வாசலைக் கண்டதுமே எங்கள் வயிறு கலங்கியது. 1984இல் எங்கள் சித்தப்பா இதே நோயோடு இதே வாசலில் நுழைந்து திரும்பி வராதவர். 1981இல் சாராயக் கடைகள் மீண்டும் திறந்தபின் அவற்றின் வாசலிலேயே குடியிருந்தவர் அவர். மூக்கின் வழியே வயிறு வரை இறக்கிய ரப்பர்க் குழாயும், அதன் நடுவே காற்றடைத்த பலூனுமாக அவர் கிடந்த கோலம் சிறுவர்களாக இருந்த எங்கள் கண்ணை விட்டு அகலவில்லை. "குடித்தான், ஈரல் வெந்தது, இரத்தம் கக்கிச் செத்தான்" என்பது எங்கள் தெருவின் தீர்ப்பு. ஈரல் நோய்க்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே, பணியிலிருந்த இளம் மருத்துவர் அண்ணனின் வயிற்றை அழுத்திப் பார்த்து, கண்ணின் மஞ்சளையும் காலின் வீக்கத்தையும் கவனித்து, "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது அண்ணி ஒருத்திதான், "கிடையாது டாக்டர்" என்றார். நாங்கள் மூவரும் பேசாமல் நின்றோம். அண்ணன் குடித்து நாங்கள் கண்டதில்லை. ஆயினும் முப்பதாண்டு ஷிப்ட் வேலை, யாருக்குத் தெரியும்? அந்த மௌனத்தை அண்ணி திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கே ஐயம் வந்துவிட்டது போலும். படுக்கையருகே குனிந்து, "எங்கிட்டயாவது உண்மையைச் சொல்லுங்க" என்றார். இரத்தம் போய் வெளுத்துக் கிடந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார், பதில் சொல்லவில்லை.

நோய் இன்னதென்பதை அந்த மருத்துவர் விடியற்காலையில் எங்களுக்கு விளக்கினார். குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் இரத்தமெல்லாம் போர்ட்டல் சிரை என்னும் பெருவழியாகக் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்கே வடிகட்டப்பட்டு, இதயத்துக்குச் செல்ல வேண்டும். கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டால், அதாவது சிரோசிஸ் வந்துவிட்டால், இரத்தம் உள்ளே நுழைய வழி கிடைப்பதில்லை. துறைமுக வாசல் அடைபட்டால் நம் சாலையில் என்ன நடக்கிறது? பின்னால் வரும் லாரிகள் நின்று நின்று, பொறுமையிழந்த ஓட்டுநர்கள் சந்துகளில் திருப்பிவிடுகிறார்கள் அல்லவா? இரத்தமும் அவ்வாறே குறுக்குச் சந்துகளைத் தேடுகிறது. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகள் அத்தகைய சந்துகள். சைக்கிளுக்காகப் போட்ட சந்தில் கண்டெய்னர் லாரி நுழைந்தால் சுவர் தாங்குமா? சிரைகள் புடைத்துப் பாம்புபோல நெளிகின்றன, ஒருநாள் வெடிக்கின்றன. போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலைத் தாண்டிய சிரைக்கும் இடையே அழுத்த வேறுபாடு சாதாரணமாக 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேற்படுவதில்லை. அது 10ஐ எட்டினால் புடைப்புகள் தோன்றுகின்றன. 12ஐத் தாண்டினால் உடையும் அபாயம்.

வெடித்தபின் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, சந்துக்குள் லாரிகள் புறப்பட்டு வருவதையே குறைப்பது; இது ஊசிமருந்தின் வேலை. மற்றொன்று, உடைந்த இடத்தைக் கட்டுவது. இது எண்டாஸ்கோப்பி வாயிலாகச் செய்யப்படுவது. மருந்தை முதலில் தொடங்கிவிட்டுத்தான் எண்டாஸ்கோப்பிக்குக் காத்திருப்பார்கள். இரைப்பைப் புண்ணுக்குக் கொடுக்கும் அமிலம் குறைக்கும் ஊசி இந்த இரத்தப்போக்கை நிறுத்தாது. நாங்கள் வாங்கி வந்த வயிற்றெரிச்சல் மருந்தின் யோக்கியதை அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணனுக்கு அவர் தொடங்கிய ஊசியின் பெயர் ஆக்ட்ரியோடைட். முதலில் 50 மைக்ரோகிராம் ஒரே தடவையாகவும், பின்னர் மணிக்கு 50 மைக்ரோகிராம் வீதம் இடைவிடாமலும், சிறு பம்பு ஒன்றின் வழியாக நாளத்தில் ஏறிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் எங்கள் உறவினர் ஒருவர் குறுக்கிட்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் தொலைபேசியில், "அது மலிவான மருந்து. டெர்லிபிரெசின் என்று ஒன்று இருக்கிறது. விலை அதிகம், அதுதான் முதல்தரம். பெரிய மருத்துவமனைகளில் அதைத்தான் போடுகிறார்கள். வெளியில் வாங்கித் தருகிறோம் என்று கேளுங்கள்" என்றார். உடனே எங்கள் தங்கை தன் இரண்டு வளையல்களையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். காலையில் அடகுக்கடை திறந்ததும் வைத்துவிடுவதாகத் திட்டம். மருத்துவரிடம் போய் மெல்லச் சொன்னோம்: "செலவைப் பற்றி யோசிக்காதீர்கள் சார், நல்ல மருந்தாகவே போடுங்கள்."

அவர் சினம் கொள்ளவில்லை. இரவெல்லாம் விழித்தவர் சற்றுச் சிரித்தார். "அம்மா, வளையலைக் கையிலே போடுங்கள். நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் கொரியா நாட்டு மருத்துவர்களும் கேட்டார்கள். இரத்தம் கக்கிய 780 நோயாளிகளை மூன்று பிரிவாகச் சீட்டுப்போட்டுப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டெர்லிபிரெசின், ஒரு பிரிவுக்கு சோமாட்டோஸ்டாட்டின், மூன்றாம் பிரிவுக்கு இந்த ஆக்ட்ரியோடைட் கொடுத்தார்கள். எல்லோருக்கும் எண்டாஸ்கோப்பியும் செய்தார்கள். ஐந்து நாளுக்குள் சிகிச்சை வெற்றி பெற்றவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 86, மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 84. இதை வேறுபாடு என்றே கணக்கில் கொள்ள முடியாது. 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். எந்த மருந்து என்பதைவிட எத்தனை சீக்கிரம் என்பதுதான் பெரிது" என்றார். கடைசி வாக்கியத்தில் எங்கள் முக்கால் மணி நேரம் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

பின்னாளில் இந்த மருந்துகளின் கதையைக் கொஞ்சம் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம். சித்தப்பாவுக்கு ஏற்றியது வாசோபிரெசின். மூளையின் அடியில் பட்டாணியளவு தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியிலிருந்து எடுத்த சாறு குடலின் இரத்த நாளங்களைச் சுருங்கச் செய்கிறது என்று கண்டு, 1950களிலேயே அதை இந்நோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் நின்றது, ஆனால் அந்த மருந்து குடலின் நாளத்தை மட்டும் தேர்ந்து சுருக்கவில்லை. இதயத்தின் நாளமும், கைகால் விரல்களின் நாளமும் சேர்ந்தே சுருங்கின. மார்வலியைத் தடுக்க நைட்ரோகிளிசரினையும் உடன் சேர்த்துக் கொடுக்க நேர்ந்தது. சித்தப்பா வயிற்றைப் பிசைகிறது என்று புரண்டதும், முகம் சுண்ணாம்பாக வெளுத்ததும் எதனால் என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து விளங்கியது. பலூன் குழாயோ 1950இல் வந்தது. உள்ளிருந்து அழுத்தி அடைப்பது. காற்றை எடுத்ததும் பலருக்கு மறுபடி இரத்தம். அந்நாளில் இவ்வாறு ஒருமுறை இரத்தம் கக்கியவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஆறு வாரத்துக்குள் மாண்டார்கள் என்று 1981இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. இன்று அது பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையே வந்திருக்கிறது. சித்தப்பா பிழைக்காமற் போனதற்குக் குடி மட்டுமன்று, காலமும் ஒரு காரணம்.

டெர்லிபிரெசின் அந்த வாசோபிரெசினின் சாந்தமான தம்பி. உடலுக்குள் சென்றபின் சிறிது சிறிதாக அவிழ்ந்து வேலை செய்வதால் நான்கு அல்லது ஆறு மணிக்கொரு தடவை ஊசியாகப் போட்டால் போதும். வெறும் உப்புநீரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இது இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மற்ற மருந்துகளுக்கு இத்தகைய சான்று அவ்வளவு தெளிவாக இல்லை. எங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய்யன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம். சோமாட்டோஸ்டாட்டின் 1973இல் ரோஜர் கீமனின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்ட ஹார்மோன். அவருக்கு 1977இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடங்களே தங்கும் அதைக் கொஞ்சம் மாற்றி, ஒன்றரை மணி நேரம் தங்குமாறு செய்ததுதான் ஆக்ட்ரியோடைட். 1982இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. இதயத்தைத் தொந்தரவு செய்வது குறைவு. சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று இன்னொரு சச்சரவும் நடந்தது. பங்கு இளைஞர்கள் எட்டுப் பேர் இரத்தம் கொடுக்கக் காலையிலேயே வந்து நின்றார்கள். மருத்துவரோ இரண்டு பாட்டில் ஏற்றியதும் நிறுத்திவிட்டார். ஹீமோகுளோபின் 7.6 என்றார். சாதாரணமாகப் பதின்மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஏழரையோடு நிறுத்துவதா? எங்களில் ஒருவருக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் மறுபடியும் பொறுமையாகச் சொன்னார்: இரத்தம் அதிகம் ஏற்றினால் போர்ட்டல் சிரையின் அழுத்தமும் ஏறும், மூடிய வாய் மறுபடி திறக்கும். பார்சிலோனாவில் 921 பேரை வைத்து ஆய்ந்தார்கள். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால்தான் இரத்தம் என்ற பிரிவில் ஆறு வாரத்தில் 95 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். 9க்குக் கீழே போனதுமே ஏற்றிய பிரிவில் 91. இது 2013இல் வெளிவந்தது. இளைஞர்கள் வேறு நோயாளிகளுக்குப் பயன்படட்டும் என்று கொடுத்துவிட்டே போனார்கள். அவர்களை நினைக்குந்தோறும் நெஞ்சு நெகிழ்கிறது.

இரத்தம் உறைய வைக்கும் ஊசி ஒன்று போடக் கூடாதா என்றும் கேட்டோம். பயன் உறுதியில்லை என்று அவர் அன்று தட்டிவிட்டார். 2020இல் பல நாடுகளில் 12,009 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது; டிரனெக்ஸாமிக் அமிலம் என்னும் அந்த ஊசி வயிற்று இரத்தப்போக்கில் உயிரைக் காக்கவில்லை, நாளங்களில் இரத்தக் கட்டி உண்டாவதையே கூட்டியது. கேட்டது கிடைக்காமற் போனது எத்தனை நல்லதாயிற்று! அவர் கேளாமலே போட்ட ஒன்று, செப்ட்ரியாக்ஸோன் என்னும் கிருமிக்கொல்லி. இரத்தம் கக்கிய ஈரல் நோயாளிக்குக் குடலின் கிருமிகள் இரத்தத்தில் புகுந்துவிடும். அதைத் தடுப்பதே ஓர் உயிர்காப்பு. இந்த எளிய ஊசியைப் பற்றி எங்கள் உறவினர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மலிவு என்பதனாலோ என்னவோ.

காலை ஒன்பதரைக்கு எண்டாஸ்கோப்பி. புடைத்த சிரைகளை உறிஞ்சி இழுத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுகிறார்கள். மூலத்துக்குக் கட்டுப்போடும் பழைய முறையைப் பார்த்து 1980களில் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஸ்டீக்மன் என்பவர் உருவாக்கிய வழி. அண்ணனுக்கு ஐந்து வளையம் விழுந்தது. ஆக்ட்ரியோடைட் ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் இளநீர் கேட்டார்.

இதற்கிடையே இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது: ஹெப்பட்டைட்டிஸ் பி. பல்லாண்டுகளாக உடலில் இருந்து ஈரலை அரித்த வைரஸ். குடியில்லை. மருத்துவர் அண்ணியிடம் இதைச் சொன்னபோது நாங்களும் இருந்தோம். அண்ணி எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"உங்கள் எல்லோருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும்" என்றார். பிரசவ வேளையில் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் இந்நோய், அவ்வாறு தொற்றிய குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரிடம் நிலைத்துவிடுகிறது. வளர்ந்தவர்களிடம் ஐந்து பேருக்கும் குறைவாகவே நிலைக்கிறது. எங்கள் மூவரில் இளையவருக்கு இருந்தது. ஈரல் இன்னும் கெடவில்லை. எங்கள் அம்மா 1996இல் காலமானவர். அவருக்கு இருந்ததா என்று கேட்க வழியில்லை. ஆனால் எங்களுக்கு மஞ்சட்காமாலை கண்டபோதெல்லாம் பாலில் கீழாநெல்லியை அரைத்துக் கலக்கி விடியலில் ஊட்டியவர் அவர். அந்தக் கீழாநெல்லிக்கும் ஒரு வரலாறு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தியாகராஜன் குழுவினர், இந்த வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரசின் அடையாளம் மறைந்ததாகவும், உண்ணாத 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் அதில் கண்டனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறிடங்களில் செய்த ஆய்வுகளில் அந்த நன்மை மீண்டும் தோன்றவில்லை. அம்மாவின் அன்பில் குறையில்லை. மருந்துக்கு இன்னும் சாட்சி வேண்டும். இன்று அண்ணனும் இளையவரும் வைரசை அடக்கும் மாத்திரையை நாள்தோறும் உண்கிறார்கள். 2018 ஜூலை 28இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய ஈரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தைப் பற்றியும் அப்போதுதான் கேள்விப்பட்டோம். எங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டாயிற்று.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்குக் கடினமான பகுதி.

வீடு திரும்பும்போது அண்ணனுக்கு ப்ரோப்ரனலால் என்னும் சிறு மாத்திரை கொடுத்தார்கள். இரத்தக் கொதிப்புக்கும் இதயப் படபடப்புக்கும் ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய மாத்திரை அது. அதை ஈரல் நோய்க்குத் திருப்பியவர் பிரான்சு நாட்டின் திதியே லெப்ரெக். இரத்தம் கக்கிப் பிழைத்த 74 பேரில் பாதிப்பேருக்கு இதையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் கொடுத்தார். ஓராண்டு முடிவில் மறுபடி இரத்தம் கக்காதவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 96. மறு பிரிவில் 50. 1981இல் இது வெளிவந்தபோது பலர் நம்ப மறுத்தார்களாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55க்கும் 60க்கும் இடையே வரும்வரை அளவைக் கூட்டுவார்கள். இது லாரிகளைத் துறைமுகத்துக்கு முறைவைத்து அனுப்புவதைப் போன்றது. சாலையில் நெரிசலே உண்டாகாமற் பார்ப்பது. வளையம் போடுவதையும் இதையும் சேர்த்துச் செய்வதே மறுமுறை வராமற் காக்க நல்ல வழி என்று சொல்லியிருந்தார்கள். இரத்தமே கக்காதவர்களுக்கு இரண்டில் எது மேல் என்று டில்லியில் சரின் என்பவர் குழு ஒப்பிட்டு 1999இல் வெளியிட்டதில் வளையம் வென்றது. பின்வந்த ஆய்வுகள் மாத்திரையும் அதற்கு ஈடாகும் என்றன. மருத்துவர்களின் வழக்குகளும் நம் குடும்ப வழக்குகளைப் போலவே எளிதில் தீர்வதில்லை.

எட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2019 ஜூலையில் அண்ணன் சோர்வாக இருக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார். நாங்கள் நாடி பார்த்தோம்: 54. மாத்திரை உறையில் இருந்த தாளைப் படித்தோம். இதயநோய், இரத்த அழுத்தம் என்றெல்லாம் இருந்ததே தவிர ஈரல் என்ற சொல் எங்குமில்லை. "அண்ணனுக்கு இதயத்தில் கோளாறு இல்லையே, எதற்கு இந்த மாத்திரை? இதயத்தை அமுக்குகிறது" என்று முடிவு கட்டினோம். அண்ணி, "டாக்டரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம்" என்றார். அடுத்த தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே, அதுவரை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்றோம். நிறுத்தியதும் தலைச்சுற்று நின்றது. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

இருபத்து மூன்றாம் நாள் மறுபடியும் வாளியில் இரத்தம்.

இம்முறை ஐஸ் தண்ணீர் கொடுக்கவில்லை, 108க்குச் சொன்னோம். பணியில் வேறொரு மருத்துவர். அவர் தேர்ந்தது டெர்லிபிரெசின். முன்பு வளையலை அடகு வைக்கத் துணிந்த அதே மருந்து! நான்கு மணிக்கொரு ஊசி. இதயத் துடிப்பின் படம் எடுத்துப் பார்த்தபின்பே தொடங்கினார்; இரத்தத்தின் உப்பளவையும் நாள்தோறும் பார்த்தார். அண்ணனின் முகம் வெளுத்தது, வயிறு முறுக்கியது, இரண்டு மூன்று முறை பேதியானது, விரல்நுனிகள் குளிர்ந்திருந்தன. முதல் தடவை பம்பில் ஆக்ட்ரியோடைட் ஓடியபோது இவ்வளவு இல்லை. ஆனால் அதில் கை கட்டிப் போட்டாற்போல் ஐந்து நாள் கிடக்க நேர்ந்தது. இதில் ஊசிக்கு ஊசி நடுவே கையை மடக்கிப் புரண்டு படுக்க முடிந்தது. இரத்தம் இரண்டிலும் நின்றது. இரண்டையும் கண்ணால் கண்டவர்கள் நாங்கள். எது மேல் என்று கேட்டால் கொரியாக்காரர்கள் சொன்னதைத்தான் சொல்வோம். இதய நோயுள்ளவருக்கு இரண்டாவது ஆகாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வோம்.

"மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?" என்று மருத்துவர் கேட்டார். நாங்கள் என்றோம். நிறுத்தியதனால்தான் வந்தது என்று உறுதி கூற முடியாது, மாத்திரை உண்பவர்களுக்கும் வருவதுண்டு என்று அவர் சொன்னது எங்களுக்கு ஆறுதலாகவே இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. தலை சுற்றினால் அளவைக் குறைத்திருக்கலாம், ஒருநாள் வந்து கேட்டிருக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

அண்ணன் தேறிவிட்டார். பின்னர் கார்வெடிலால் என்னும் மாத்திரைக்கு மாற்றினார்கள். சிறு அளவில் தொடங்கி 12.5 மில்லிகிராமில் நிறுத்தினார்கள். இத்தாலியில் உள்ள பவெனோ என்னும் ஊரின் பெயரால் கூடும் நிபுணர்களின் 2022ஆம் ஆண்டு அறிக்கையும் இவ்வகையில் இதற்கே முதலிடம் தருகிறது என்று கேட்டு மகிழ்ந்தோம். மேல் இரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்கினாலோ வயிற்றில் நீர் அதிகமானாலோ உடனே வரவேண்டும் என்பது கட்டளை. 2021 பிப்ரவரியில் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ வந்தபின் பரிசோதனைக்குப் போவது எளிதாகிவிட்டது, வண்ணாரப்பேட்டையில் இறங்கிக்கொள்கிறார். லாரி வரிசை கீழே அப்படியேதான் நிற்கிறது.

தெருவில் அவருக்கு இட்ட பெயர் இன்னும் முழுதாக அழியவில்லை. சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில், "இப்போது நிறுத்திவிட்டாரா?" என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். எதை என்று அவரையே திருப்பிக் கேட்டோம். பெரியண்ணன் இதற்கெல்லாம் சிரிப்பதோடு சரி. அண்ணி சிரிப்பதில்லை.

அண்ணியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மாத்திரை கொடுக்குமுன் பேத்தி தாத்தாவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள், அண்ணி எழுதிக்கொள்வார். 58, 57, 60 என்று பக்கம் பக்கமாக எண்கள். 2018 டிசம்பரில் தொடங்கிய நோட்டு அது. 2019 ஜூலையில் இருபத்து மூன்று வரிகள் தேதி மட்டும் எழுதி வெறுமையாக விடப்பட்டிருக்கின்றன. எங்களில் யார் அந்த வீட்டுக்குப் போனாலும் நோட்டு மேசைமேல்தான் இருக்கிறது. அண்ணி அதை எடுத்து வைப்பதுமில்லை, அதைப் பற்றிப் பேசுவதுமில்லை. காப்பி கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைக்கிறார், நாங்கள் குடிக்கிறோம்.